மரவள்ளி மாவுப்பூச்சியிலிருந்து வெளிவந்த குளவி எந்த இனம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஆத்தூர்ப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறீர்கள். நுனிக்குருத்து சுருண்டு, வெண்மையாக மாவு அப்பிக் கிடந்த கொழுந்துகள் சிலவற்றைப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தீர்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கசகசா அளவில் கருப்புக் குளவிகள் வந்தன. கூடவே அதைவிடச் சிறியதாய் மஞ்சள் நிறத்தில் இரண்டு. போனில் படம் எடுத்து, இவை எந்த இனம் என்று கேட்கிறீர்கள். புதிய இனமாக இருந்தால் பெயர் வைப்பது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கருப்புக் குளவி பெரும்பாலும் அனாகைரஸ் லோபெசியாக இருக்கலாம். மஞ்சள் குளவி அசெரோபேகஸ் பப்பாயேவாக இருக்கலாம். இரண்டுமே ‘இருக்கலாம்’தான். அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டுமானால் எனக்குப் படம் போதாது. குளவியே வேண்டும், அதைவிட முக்கியமாக, அது எந்த மாவுப்பூச்சியிலிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். குளவியைப் பற்றிக் கேட்டால் மாவுப்பூச்சியைப் பற்றிக் கேட்கிறாரே என்று நினைக்காதீர்கள். ஒட்டுண்ணிக் குளவியின் அடையாளத்தில் பாதி அது தின்று வளர்ந்த பூச்சியில் இருக்கிறது. இதை அலட்சியம் செய்ததால் ஒரு கண்டமே சில ஆண்டுகளை இழந்த கதை உண்டு. அதுவும் உங்கள் குச்சிக்கிழங்கின் கதைதான்.

மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சில நூற்றாண்டுகள் அங்கே நிம்மதியாக விளைந்தது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. அதற்கு அங்கே இயற்கை எதிரி இல்லை, ஆண் துணையும் தேவையில்லை. பெண்ணே தனியாக முட்டையிட்டுப் பெண்களையே பெறும். ஒரே ஒரு குஞ்சு காற்றில் பறந்து வந்து விழுந்தாலும் ஒரு தோட்டத்துக்குப் போதும். கோடிக்கணக்கானவர்களின் சோறு அந்தக் கிழங்கு. 1977இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் மாட்டில்-ஃபெரெரோ அம்மையார் அந்தப் பூச்சியைப் புதிய இனம் என்று கண்டு, ஃபீனகாக்கஸ் மணிஹோட்டி என்று பெயரிட்டார்.

பயிர் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் பூச்சியும் வந்திருக்கும், அங்கே அதற்கு எதிரியும் இருக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். தென் அமெரிக்காவின் வட பகுதியில் தேடினார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, அதற்குள் குளவிகளும் கிடைத்தன. ஆனால் அந்தக் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் நிலைக்கவில்லை. ஏன் என்று கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அது வேறு மாவுப்பூச்சி. ஆப்பிரிக்காவில் இருந்தது ரோஜா நிறம், ஆணே இல்லாதது. இங்கே கிடைத்தது மஞ்சள் சாயல், ஆண் பெண் இரண்டும் உள்ளது. 1981இல் காக்ஸ், வில்லியம்ஸ் இருவரும் இதைத் தனி இனமாகப் பிரித்து ஃபீனகாக்கஸ் ஹெரெனி என்றார்கள். தவறான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரியான வீடு பராகுவேயில் இருந்தது. அதே 1981இல் பெல்லோட்டி என்ற பூச்சியியலாளர் அங்கே உண்மையான மணிஹோட்டியைக் கண்டார். அதிலிருந்து வந்த குளவிகளில் ஒன்றுதான் லோபெசி. இங்கிலாந்தில் தனிமைக் காப்பில் வைத்துச் சோதித்து, நைஜீரியாவின் இபாடனில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 1981லேயே அங்கே வயலில் விட்டார்கள். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது குடியேறிவிட்டது. இந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தக் குளவிக்குப் பெயர் முன்பே இருந்தது. அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சாண்டிஸ் அதை 1964லேயே விவரித்து வைத்திருந்தார். அதாவது, மணிஹோட்டிக்குப் பெயர் வைப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கொல்லும் குளவிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் அன்று அவரிடம் பதில் இருந்திருக்காது. பராகுவேயிலிருந்து குளவி வந்தபோது, இதன் பெயர் இன்னது என்று சொல்ல அந்த விவரிப்பு தயாராக இருந்தது.

பப்பாளி மாவுப்பூச்சியைத் தாக்கும் அந்த மஞ்சள் குளவியின் கதை இதற்கு நேர் தலைகீழ். பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. 1992இல்தான் பெயர் பெற்றது. கரீபியத் தீவுகளில் அது பரவியபோது மெக்சிகோவில் தேடி எடுத்த குளவிகளை வயலில் விட்டு, அவை வேலை செய்வதையும் பார்த்துவிட்டார்கள். அப்போதெல்லாம் அந்த மஞ்சள் குளவிக்குப் பேரினப் பெயர் மட்டும்தான். 2003இல்தான் நாய்ஸ், ஷாஃப் இருவரும் அதை முறையாக விவரித்து அசெரோபேகஸ் பப்பாயே என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு பெயர்ப்பதிவு நடந்த பிள்ளை அது. 2008இல் கோயம்புத்தூரில் அந்த மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெளுத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தக் குளவியும் வேறு இரண்டு குளவிகளும் வரவழைக்கப்பட்டன. மூன்றில் இங்கே நன்றாக ஊன்றியது பப்பாயேதான்.

லோபெசி நமக்கு வந்தது பிறகுதான். மணிஹோட்டி 2020இல் திருச்சூரில் முதலில் பதிவானது. அங்கிருந்து சேலம், நாமக்கல் என்று சேகோ ஆலைகளின் மாவட்டங்களுக்கு வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு, பெனின் நாட்டிலிருந்து லோபெசியைக் கொண்டுவந்து சோதித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் உங்களுக்கு அருகிலேயே, ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியே விடப்பட்டது. அதனால்தான் உங்கள் கருப்புக் குளவியைப் பார்த்ததும் அந்தப் பெயர் வாயில் வருகிறது. ஆனால் ஊர்ப் பொருத்தத்தை வைத்து இனம் சொல்லிவிட முடியாது.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். நீங்கள் செய்த ஒரே பிழை, எல்லாக் கொழுந்தையும் ஒரே பாட்டிலில் போட்டது. மரவள்ளியில் இப்போது குறைந்தது மூன்று நான்கு வகை மாவுப்பூச்சிகள் கலந்து வாழ்கின்றன. எந்தக் குளவி எதிலிருந்து வந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். குளவி உள்ளே வளர்ந்த மாவுப்பூச்சி உப்பி, தோல் விறைத்துப் பழுப்பாகிவிடும். மெழுகுப் பொடியும் குறைந்துபோகும். இதைத்தான் மம்மி என்கிறோம். ஈரத் தூரிகையால் மம்மிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் வெற்று ஜெலட்டின் கேப்ஸ்யூலில் ஒன்றுக்கு ஒன்றாக அடையுங்கள். உள்ளே ஈரம் இருக்கக் கூடாது, கேப்ஸ்யூல் இளகிவிடும். குளவி வட்டமாக ஓட்டை கடித்து வெளியே வந்ததும், குளவி, காலி மம்மி இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது.

மாவுப்பூச்சியைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. உயிரோடு இருக்கும் சில பூச்சிகளைச் சாராயத்தில் (எத்தனாலில்) போட்டு வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியானால் சில நாளில் நீலம் கலந்த கருப்பாக மாறிவிடும். மணிஹோட்டி அப்படி மாறாது. மெழுகைத் துடைத்துப் பார்த்தால் வெளிர் ரோஜா நிறம் தெரியும். பப்பாளிப் பூச்சியின் உடல் மஞ்சள். இது வாசலில் நின்று ஆள் பார்க்கிற சோதனைதான். மாவுப்பூச்சியை உறுதியாகச் சொல்ல அதையும் கண்ணாடித் தகட்டில் ஏற்றித் துளைகளையும் முடிகளையும் எண்ண வேண்டும்.

இனி குளவி. முதலில் குடும்பம். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குளவிகளில் பல குடும்பங்கள் இருக்கின்றன. காலின் நுனிப் பகுதியில் எத்தனை கணுக்கள் என்று எண்ணுங்கள். மூன்றே என்றால் டிரைக்கோகிரம்மா குடும்பம், அது முட்டைக்குள் வளர்வது. நான்கு என்றால் பெரும்பாலும் யூலோஃபிடே. ஐந்து இருந்து, பக்கவாட்டில் மார்பின் நடுப்பகுதி ஒரே பெரிய தட்டாகப் புடைத்து, கேடயம் மாட்டியதுபோல் இருந்தால் என்சிர்டிடே. லோபெசியும் பப்பாயேவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் புடைப்புக்குள் நடுக்காலைத் துள்ள வைக்கும் தசை இருக்கிறது. நடுக்கால் முழங்காலுக்குக் கீழே பருத்த முள் ஒன்றும் இருக்கும். உங்கள் குளவி பாட்டிலுக்குள் நடந்துபோய்க்கொண்டே இருந்துவிட்டுத் திடீரெனத் தெறித்ததா? தெறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. முன் இறக்கையில் சாய்வாக ஓடும் முடியில்லாத ஒரு கோடும், வயிற்றின் இருபுறமும் நுனியைவிட்டு வெகுவாக முன்னேறி நிற்கும் இரண்டு சிறு முடிமேடுகளும் இந்தக் குடும்பத்தை மேலும் உறுதி செய்யும்.

பேரினத்துக்கு உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். பப்பாயே முக்கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும். மஞ்சள் உடல், குட்டை உணர்கொம்பு. லோபெசி அதைப்போல் இரு மடங்கு நீளம். கருத்த உடல், வெள்ளையும் கருப்புமாய் மாறி மாறி வரும் பெண்ணின் உணர்கொம்பு. உங்கள் மூன்றாவது படத்தில் உணர்கொம்பில் ஒரு வெண்பட்டை தெரிவதுபோல் இருக்கிறது. அல்லது பாட்டில் கண்ணாடியின் பளபளப்பாகவும் இருக்கலாம். ஆணின் உணர்கொம்பு வேறு மாதிரி: நிறமாற்றம் இல்லாமல், நீண்ட முடிகளோடு தூரிகைபோல் இருக்கும்.

இந்த ஆண் விஷயத்தில் நானே ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாளில், இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு குளவியை ‘புதிய இனம்’ என்று முடிவு செய்து, இரண்டு பக்கத்துக்கு விவரிப்பு எழுதி, படமும் வரைந்துவிட்டேன். ஆசிரியர் நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதன் மனைவியை இரண்டு மாதமாக நீ அடுத்த டப்பாவில் வைத்திருக்கிறாய்” என்றார். நான் எடுத்த மாவுப்பூச்சிகள் எல்லாம் சிறியவை. இந்தக் குளவிகள் சிறிய பூச்சியில் கருவுறாத முட்டையை இடும், அதிலிருந்து ஆண் வரும். பெரிய பூச்சியில் கருவுற்ற முட்டையை இடும், அதிலிருந்து பெண் வரும். நான் பொறுக்கியதெல்லாம் சிறியவையாக இருந்ததால் என் டப்பாவில் ஆண்களாகவே வந்துகொண்டிருந்தன. ஆகையால் பெரிய மம்மிகளையும் சேர்த்து எடுங்கள். இந்தக் குளவிகளில் திறவுகோல்கள், அதாவது இனத்தைப் படிப்படியாகக் கண்டறியும் அட்டவணைகள், பெரும்பாலும் பெண்ணை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. மாவுப்பூச்சி மம்மியிலிருந்து வந்ததெல்லாம் மாவுப்பூச்சியைக் கொன்றது என்று கொள்ள முடியாது. லோபெசியின் புழு உள்ளே வளரும்போது, அந்தப் புழுவையே தின்னும் இன்னொரு குளவி முட்டையிட்டிருக்கலாம். புரோகைலோனியூரஸ், சார்ட்டோசெரஸ் போன்ற பேரினங்கள் இந்தத் தொழில் செய்பவை. சார்ட்டோசெரஸும் கருப்புதான், சிறியதுதான். உணர்கொம்பின் நுனியில் பிரிவே இல்லாத ஒரு நீண்ட குண்டாந்தடி இருந்தால் சந்தேகப்படுங்கள். இறக்கையில் புள்ளியும் வரியுமாகக் கோலம் போட்டிருந்தால் அது மேரியட்டா, அதுவும் நம் கட்சி இல்லை. தோட்டத்தில் குளவி நிறைய இருக்கிறது, மாவுப்பூச்சியும் குறையவில்லை என்று சிலர் குழம்புவதற்கு இது ஒரு காரணம். எண்ணியது நண்பர்களையா, நண்பர்களின் எதிரிகளையா என்று தெரியாமல் எண்ணியிருப்பார்கள்.

பேரினம் வரை கைலென்சும் ஒரு சாதாரண நுண்ணோக்கியும் கொண்டுபோய் விட்டுவிடும். இனத்துக்குக் கண்ணாடித் தகடு வேண்டும். குளவியின் இறக்கைகளைப் பிரித்தெடுத்து, உடலைக் காரக் கரைசலில் இளக்கி, படிப்படியாகச் சாராயத்தில் நீர் போக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சம் என்ற மரப்பிசினில் பதிக்க வேண்டும். ஒரு குளவிக்கு இரண்டு நாள் ஆகலாம். கிராம்பு எண்ணெய் வாசனை சட்டையை விட்டுப் போகாது. என் வீட்டில் யாருக்குப் பல்வலி என்று விருந்தாளிகள் கேட்டதுண்டு. தகட்டில் ஏற்றியபின் உணர்கொம்பின் ஒவ்வொரு கணுவின் நீளம், அகலம், அடிக்கணு எவ்வளவு தட்டையாக விரிந்திருக்கிறது, முட்டையிடும் ஊசிக்கும் நடுக்காலுக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றை அளந்து திறவுகோலோடு ஒப்பிடுவார்கள். கீழ்த்திசை நாடுகளின் மாவுப்பூச்சிகளில் வாழும் இந்தக் கூட்டத்துக்கு நாய்ஸும் அலிகர் பல்கலைக்கழகத்தின் முகமது ஹயாத்தும் 1994இல் விரிவான நூல் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் இந்தக் குடும்பத்தைத் தொடுகிற எவரும் ஹயாத்தின் எழுத்துகளைக் கடந்துதான் போக வேண்டும்.

பெயரைத் தேடும்போது குழம்பாதீர்கள். லோபெசியைப் பழைய கட்டுரைகளில் எபிடினோகார்சிஸ் லோபெசி என்றும், அபோஅனாகைரஸ் லோபெசி என்றும் பார்ப்பீர்கள். மூன்றும் ஒரே குளவி. பேரினத்தின் எல்லையை எங்கே போடுவது என்ற தகராறில் முதல் பெயர் மாறிக்கொண்டே வந்தது. லோபெசி என்ற இரண்டாம் பெயர் மாறவில்லை. இப்போது அனாகைரஸ் லோபெசி (டி சாண்டிஸ்) என்று எழுதுகிறோம். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. இவர் விவரித்தபோது இது வேறு பேரினத்தில் இருந்தது, பின்னால் மாற்றப்பட்டது என்று பொருள். பப்பாயேவுக்குப் பின்னால் நாய்ஸ், ஷாஃப் பெயர்களுக்கு அடைப்புக்குறி இராது. வைத்த இடத்திலேயே இருக்கிறது.

புதிய இனமாக இருந்தால்? உங்கள் பாட்டிலில் அதற்கு வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமலில்லை. மேற்படி எதிரிக்கு எதிரிகளில் பெயரில்லாதவை இன்னும் இருக்கும். நடைமுறை இதுதான். முதலில் அது எதுவாகவெல்லாம் இல்லை என்று காட்ட வேண்டும். அந்தப் பேரினத்தில் உலகம் முழுவதும் உள்ள நெருங்கிய இனங்களின் விவரிப்புகளையும், முடிந்தால் மூல மாதிரிகளையும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் களைத்துப்போவார்கள். பிறகு ஒரே ஒரு குளவியை, பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ள பெண்ணை, பெயர்தாங்கி மாதிரியாகத் தேர்ந்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டும். அதுதான் ஹோலோடைப். பெயருக்கு எதிர்காலத்தில் சண்டை வந்தால் அந்த ஒரு குளவிதான் சாட்சி. மற்றவை துணை மாதிரிகள். உடலின் விவரிப்பு, அளவுகள், படங்கள், நெருங்கிய இனத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற சுருக்கம், எந்த ஊர், எந்தச் செடி, எந்தப் பூச்சி, எந்த நாள் எல்லாம் வேண்டும். பெயர் இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும்; சொல் தமிழாக இருக்கலாம். பிறகு ஆய்விதழில் வெளியாக வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழானால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் கட்டாயம். இப்போது பலர் குளவியின் மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துள்ள ஒரு துண்டையும் படித்துச் சேர்க்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு இனங்களைப் பிரிக்க அது மிகவும் உதவும். உடலைச் சிதைக்காமல் மரபணுவை எடுத்துவிட்டு, அதே குளவியைத் தகட்டில் ஏற்றவும் முடிகிறது.

விவரிப்பு எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு ஜிரோ என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர். ஆயிரக்கணக்கான குளவிகளுக்குப் பெயர் வைத்தார், பலவற்றுக்கு இரண்டு வரி விவரிப்பு. சொந்தக் காசில் அச்சடித்தார். மேலதிகாரியின் மேல் இருந்த கோபத்தில், அவர் பெயரைத் திரித்து, இல்லாத ஒரு குளவிக்கு வைத்து, அது வெறுமையே உருவானது என்று விவரிப்பும் எழுதினார். சிரிக்கலாம். அவர் விட்டுச்சென்ற இரண்டு வரிகளுக்கு உரிய குளவி எது என்று தேடிப் பின்வந்தவர்கள் பல்லாண்டுகள் செலவழித்தார்கள். அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறந்துபோன குளவிகளைக் காயவிடாதீர்கள், சுருங்கிவிடும். பக்கத்து வேளாண் கல்லூரியில் கேட்டு 95 சதவீத எத்தனால் வாங்கி, சிறு குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர், நாள், செடி, பூச்சி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்து குப்பியையே நீலமாக்கிவிடும். மஞ்சள் குளவிகளை வேறு குப்பியில் வையுங்கள். அடுத்த வாரம் மருந்து அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மம்மி நிறைந்த செடிகளில் அடிக்க வேண்டாம், உள்ளே இருப்பது உங்கள் கூலியில்லா ஆள். அடிப்பதற்கு முன் அந்தச் செடிகளிலிருந்து முப்பது மம்மிகளையாவது கேப்ஸ்யூலில் அடைத்துவிடுங்கள். பெரியது, சிறியது கலந்து. உயிருள்ள மாவுப்பூச்சிகள் பத்தையும் தனிக் குப்பியில் சேர்த்து ஏத்தாப்பூர் நிலையத்தில் கொடுங்கள். அங்கே லோபெசியைத் தினமும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் மிஞ்சினால் பெங்களூருக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு மம்மியில் உள்ள ஓட்டையின் படம் ஒன்றை, பாட்டில் கண்ணாடி வழியாக இல்லாமல், வெளியே எடுத்து அனுப்புங்கள்.